மாடியில் இருந்த பெட்டி

ரசாயன ஆலையை ஒட்டிய தெருவில், செல்லக்கிளியின் மொட்டைமாடியில் வைத்திருந்த காற்றுச் சோதனைக் கருவியைக் கழற்ற வந்திருந்தார் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பூவராகன். அளவெல்லாம் வரம்புக்குள்தான் இருந்தது. அறிக்கையிலும் அதைத்தான் எழுத வேண்டும்.

"இது இங்கயே இருக்கட்டும் சார்," என்றாள் அவள். "இது வந்ததுலேர்ந்து அவங்க புகைய வுடல. எம்பொண்ணு இருமாம தூங்குறா."

"வேற ஊருக்குக் கொண்டு போவணும்மா."

"அப்ப இந்த வெளிப்பெட்டியயாவது வுட்டுட்டுப் போங்க. உள்ள ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கு எங்க தெரியப்போவுது."

பூவராகனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கருவியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு இறங்கினார். தெருமுனையைத் தாண்டுவதற்குள் தொண்டை கமறும் நெடி வந்துவிட்டது. ஜீப்பை நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தார். மாடியில் செல்லக்கிளி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, காலிப் பெட்டியை ஆலைக்கு நன்றாகத் தெரிகிற பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.