பச்சை ஸ்டிக்கர்

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைச் சோபாவில் வீசினாள் மகள். பெரிய கடைக் கம்பெனி ஒன்றின் சரக்கை எண்ணிச் சரிபார்க்கப் போயிருந்த ஆடிட்டர் அவள்.

“என்னம்மா, வரும்போதே கொதிச்சுக்கிட்டு வர்ற?” என்றார் அப்பா, சாப்பிட்ட தட்டைக் கழுவியபடி.

“என்னைக் கேனைன்னு நினைச்சுட்டாங்கப்பா! காலைல முதல் கிடங்குல டிவி பெட்டிகளை எண்ணினப்போ, சிலதுக்குப் பின்னாடி யாருக்கும் தெரியாம பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். மத்தியானம் அடுத்த கிடங்குக்குப் போனா, அதே ஸ்டிக்கரோட அதே பெட்டிங்க! நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள கொண்டுபோய் அடுக்கியிருக்காங்க. இல்லாத சரக்கை இருக்குன்னு காட்டி ஊரையே ஏமாத்தறாங்க. கேட்டா, ‘ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும் மேடம்’னு சிரிக்கிறான் மேனேஜர்!”

“சாட்சி யாரும் இல்லையா?”

“எவன் வருவான்? வேலை போயிடும்னு பயம்.”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேஜைமேல் அறைந்தார்.

“‘அவசர லோடு, ஒரு மணி நேரத்துல இறக்கணும்’னு விரட்டினானுங்க. எதுக்குன்னு இப்பதான் புரியுது.”

டிவி பெட்டிகளை ஏற்றி இறக்கிய இரண்டு கிடங்குகளின் பெயரும் இன்றைய மத்தியான நேரமும் அதில் இருந்தன. கீழே, லாரி டிரைவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து.

“அப்பா... உங்க வேலை?”

“என் பொண்ணை ஏமாத்த என்னையே வண்டி ஓட்ட வெச்சிருக்கானுங்க. எழுதும்மா. டிரைவர் பேரையும் சேர்த்து எழுது!”