வட்டியில்லாக் கொலைகள்

"எழுதறவன் யாருன்னு எனக்கே தெரியாது இனியா. கவர் கொரியர்ல வருது. அட்ரஸ் கெடையாது."

"நாலாவது அத்தியாயத்துல எங்க தெருவே வந்துடுச்சி பாய். வேற யாருகிட்டயாவது குடுங்க."

"குடுக்கலாம்தான். நீதான் டைப் பண்ணணும்னு மொத கவர்லயே சீட்டு வெச்சிருக்கானே."

காலையில் தட்டாஞ்சாவடி அச்சகத்தில் மஜீத் பாயோடு பேசியது, பிற்பகல் மூன்று மணிக்கும் இனியாவின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உழவர்கரை வீட்டின் கூடத்தில், கணினியின் முன் உட்கார்ந்து ஐந்தாவது அத்தியாயத்தைப் பிரித்திருந்தாள். விரல்கள் விசைப்பலகைக்குப் போகவே இல்லை.

நாவலின் பெயர் 'வட்டியில்லாக் கொலைகள்'. ஷோரூம் சேல்ஸ்மேன் ஒருவன், 'எதுவும் வேண்டாம்' என்று சொல்லும் வாடிக்கையாளர்களை வீடு தேடிப் போய்க் கொல்கிறான். பிணத்தை ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் தெர்மோகோல் வைத்துக் கட்டி, வாரன்ட்டி கார்டும் ஒட்டி அனுப்புகிறான். பெட்டியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்த தெருக்காரர்கள், 'எத்தனை ஸ்டார்?' என்று மட்டும் கேட்கிறார்கள்.

அந்த இடத்தில் இனியா வாய்விட்டுச் சிரித்திருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஐந்தாவது அத்தியாயத்தில் அவன் நுழைந்த வீட்டில் பச்சை கேட் இருந்தது. ஈரத்துணி காயும் ட்ரெட்மில் இருந்தது. மூன்று மிக்சிகளும், பீரோவின் மேல் பிரிக்காத ஏர் ஃப்ரையர் பெட்டியும் இருந்தன. கூடத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி ஒருத்தி டைப் செய்துகொண்டிருந்தாள்.

இனியா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ட்ரெட்மில்லில் கணவன் முகிலனின் சட்டைகள் காற்றில் அசைந்தன. வாசலில் யாரும் இல்லை.

எழுத்துதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. பக்கத்தின் மேல்பாதி முழுக்க எழுத்துகள் நடுங்கின. நடுவில் நாலு வரி மட்டும் முத்துமுத்தாக வந்து, பிறகு முன்னைவிட மோசமாக ஆடின. வெறி ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற ஒருவனின் கை.

கணவனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"கதவ சாத்திக்கோ. நான் பர்மிஷன் சொல்லிட்டு வந்துடறேன்" என்றான் முகிலன். ஒரு நொடி நிறுத்தி, "ஏர் ஃப்ரையர் இன்னும் பிரிக்கலன்றது அவனுக்கு எப்பிடிடீ தெரியும்?" என்றான்.

"அதத்தாங்க நானும் கேக்கறேன்."

வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பின்கட்டிலிருந்து வாஷிங் மிஷினின் கடகடச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மாமியார் செல்வாம்பாள் அங்கேதான் நிற்பார். மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்த பழக்கம், ஓடுகிற மிஷினை விட்டு நகரமாட்டார். "அது பாட்டுக்கு ஓடும் அத்தை, உள்ள வாங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்.

பொருள் எதன் மீதும் ஆசைப்படாத மனுஷி. தீபாவளி ஆஃபரில் அந்த மிஷின் வந்து இறங்கிய அன்று, "உங்களுக்கு என்னா வேணும்னு கேளுங்க அத்தை" என்றாள் இனியா. "ஒண்ணு கேக்கணும்தான். அப்புறமா கேக்கறேன்" என்றார். மூன்று வருஷமாகிறது. இன்னும் கேட்கவில்லை.

இனியா கடைசிப் பக்கத்தை எடுத்தாள்.

'பின்பக்கம் மிஷின் நின்றது. குக்கருக்கு இலவசமாகத் தந்த கத்தியோடு அவன் பின்கதவு வழியாக உள்ளே வந்தான். அவள் திரும்பவில்லை.'

பின்கட்டில் கடகடச் சத்தம் நின்றது.

வீடு முழுக்க அமைதி. பின்கதவு கிறீச்சிட்டது. ஈரத்தரையில் காலடி ஓசை ஒவ்வொன்றாக நெருங்கியது. இனியா மேசை மேலிருந்த கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பினாள்.

துணி வாளியோடு செல்வாம்பாள் நின்றிருந்தார்.

"அத்தை, மொதல்ல அந்தப் பின்கதவ சாத்துங்க. யாரோ நம்ம வீட்ட வேவு பாக்கறான்." தாள்களை அவர் முன்னால் நீட்டினாள். "பாருங்க, எல்லாம் நம்ம வீடு. என்னத்தான் கொல்லப் போறான். கை எப்பிடி ஆடியிருக்கு பாருங்க, பைத்தியம் புடிச்சவன் எழுத்து."

செல்வாம்பாள் வாளியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார்.

"மொத ரெண்டு அத்தியாயம் படிச்சப்ப சிரிச்சியாம்மா?"

"சிரிச்சேன். இப்ப அதுவா அத்தை முக்கியம்?"

"பயப்படாத. அவ சாவமாட்டா. அடுத்ததுல அவதான் அவன புடிச்சி அதே பொட்டியில போட்டு அடைக்கறா."

இனியாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் மெல்லத் தாழ்ந்தது. "உங்களுக்கு எப்பிடி..."

செல்வாம்பாள் கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ட்ரெட்மில், மிக்சிகள், பிரிக்காத பெட்டி, மருமகளின் கணினி மேசை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மிஷின் மேல வெச்சி எழுதினா கை ஆடுதும்மா, எனக்கும் ஒரு மேசை வாங்கிக் குடு."