மெத்தைக் கம்பெனியின் ஸ்பேம் பெட்டி

"உன்னை வேலையை விட்டுத் தூக்கி நேத்தே மெயில் போட்டுட்டேனே! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்து லீவு கேக்கறே?"

மெத்தைக் கம்பெனி முதலாளி போட்ட கூச்சலில், மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த பஞ்செல்லாம் பக்கத்துக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. நம்பாதவர்கள் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனைக் கேட்கலாம்.

லீவு கேட்க வந்த குடோன்காரர் தலையைச் சொறிந்தார். "எப்ப சார் தூக்கினீங்க? எனக்கு ஒண்ணும் வரலையே!"

அவருடைய ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தார் முதலாளி. மெயில் வந்துதான் இருந்தது. இன்பாக்ஸில் இல்லை, ஸ்பேம் பெட்டியில். லாட்டரி விழுந்த சேதிக்கும் முடி வளர்க்கும் தைலத்துக்கும் நடுவே சுகமாகப் படுத்திருந்தது. அதற்குக் கீழே, போன மாதம் தூக்கிய மெயில். அதற்கும் கீழே, அதற்கு முந்தையது.

"என் மெயில் குப்பையா?"

சாம்பிள் மெத்தைக்கு ஒரு குத்து விழுந்தது. கோபம் வந்தால் அதைத்தான் குத்துவார். உள்ளே இருந்த ஸ்பிரிங்குகள் எப்போதோ உயிரை விட்டுவிட்டன.

கம்ப்யூட்டர்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"இதை யார் செஞ்சதுன்னு கண்டுபிடிங்க. இன்னைக்கே அந்த ஆளோட சீட்டைக் கிழிக்கிறேன்."

கம்ப்யூட்டர்காரர் ஹோஸ்டிங் பேனலைத் திறந்தார். கம்பெனியில் இருக்கிற அத்தனை பேருடைய மெயிலுக்கும் சாவிக்கொத்து அதுதான்.

"ஸ்பேம் ஃபில்டர் நல்லாத்தான் வேலை செய்யுது சார். வர்ற மெயிலுக்கெல்லாம் மார்க் போடும், மார்க் ஏறிப்போச்சுன்னா குப்பை. ஆனா இங்க யாரோ தனியா ஒரு விதி சேர்த்திருக்காங்க."

"என்ன விதி?"

"அது வந்து... நீங்க அனுப்பின மெயிலா இருந்து, உள்ளே 'நாளையிலிருந்து வர வேண்டாம்'னும் இருந்தா, நேரா ஸ்பேம் பெட்டி. குடோன், டிரைவர், தையல் பகுதி, எல்லாருக்கும்."

முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் தூக்கிய ஆளெல்லாம் காலையில் சாவகாசமாக வந்து நின்றது இதனால்தானா?

"மன்னிப்புக் கேக்க வெட்கப்படறாங்கபோலன்னு நானும் பெரிய மனசு பண்ணி விட்டுட்டு இருந்தேன்யா! பேனல் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"உங்ககிட்ட இருக்கு. அப்புறம்..." கம்ப்யூட்டர்காரர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் கணக்கு அக்கா. இருக்கிற இடம் தெரியாத மனுஷி. முதலாளியின் வழுக்கையை எங்கிருந்தோ மோப்பம் பிடித்துத் தைல விளம்பரங்கள் வந்து குவிந்தபோது, "இந்தச் சனியனுக்கு ஒரு வழி பண்ணுங்கம்மா" என்று பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்ததே முதலாளிதான்.

"நீங்களா?"

"ஆமா சார்."

"என்கிட்டயே சம்பளம் வாங்கிக்கிட்டு, என் மெயிலையே குப்பையில போட்டீங்களா? நாளையிலிருந்து... நாளையிலிருந்து..."

மிச்சம் வரவில்லை. முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வீரமெல்லாம் கீபோர்டில்தான்.

"சிரமப்படாதீங்க சார், மெயில் போட்டுடுங்க" என்றார் அக்கா.

சிரிப்பை அடக்கமாட்டாமல் குடோன்காரர் சாம்பிள் மெத்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

"முதல்ல அந்த விதியை அழிங்க!"

"அழிச்சுடறேன் சார். ஆனா இங்க ரெண்டு இருக்கே, ரெண்டையுமா?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"ரெண்டாவது எதுக்கு?"

"உங்களுக்கு வர்ற மெயிலுக்கு. உள்ளே 'ராஜினாமா'ன்னு இருந்தா அதுவும் ஸ்பேம் பெட்டிக்கு."

முதலாளி அந்தப் பெட்டிப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். தைலங்களுக்கு இடையே டிரைவரின் ராஜினாமா. தையல் பகுதி மொத்தமும் கூடிச் சேர்ந்து எழுதிய ஒன்று. குடோன்காரருடையது, 'இந்த மனுஷன்கிட்ட மெத்தை சுமக்கிறதுக்கு முள்ளு மேலே படுக்கலாம்' என்று ஆரம்பித்தது.

மெத்தைக்குப் பின்னால் சிரிப்பு நின்றது. "பதிலே வரலையா... நீங்க பெரிய மனசு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன் சார்."

"எல்லாருமா?" முதலாளியின் குரல் காற்றுப் போன பலூனாகிவிட்டது. "எல்லாருமா என்னை விட்டுப் போயிட்டாங்க?"

"யார் சார் போனது?" என்றார் அக்கா. "சாயங்காலம் எழுதறாங்க, காலையில வந்து நிக்கறாங்க. நீங்களும் அப்படித்தான். நிஜமாவே போகணும்னா நேர்ல வந்து சொல்லட்டும். நிஜமாவே அனுப்பணும்னா நீங்களும் நேர்ல சொல்லுங்க. இதுவரைக்கும் ரெண்டு பக்கமும் யாரும் சொல்லலையே!"

முதலாளி திரையை உருட்டிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் அடியில், முதல் முதலாக வந்து விழுந்திருந்தது கணக்கு அக்காவின் ராஜினாமா.

"இது என்னம்மா?"

"விதி வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டாமா சார்? சோதனைக்கு ஒண்ணு அனுப்பினேன்."

"சோதனைக்கா இவ்வளவு நீளமா எழுதினீங்க?"

அக்கா மின்விசிறியைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர்காரர் தொண்டையைக் கனைத்தார். "சார், விரல் பட்டன் மேலயே இருக்கு. அழிச்சுடவா?"

"கையை எடுங்க முதல்ல!" கட்டடம் மறுபடி அதிர்ந்தது. "அந்த ரெண்டு விதியில யாராவது கை வெச்சீங்களோ, மொத்தக் கம்பெனியையும் வேலையை விட்டுத் தூக்கி இன்னைக்கே மெயில் போட்டுடுவேன், ஆமா!"

"தாராளமாப் போடுங்க சார்" என்றார் கணக்கு அக்கா.