கேஷேயின் துடைப்பம்

“துடைப்பத்தை இங்கேயே போட்டுட்டு உள்ளே போம்மா” என்றான் வாசல் காவலாளி. கேஷே போடவில்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் ஃபோக்கோ விழா மேடையிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தான். உருக்காலைத் தொழிலாளர் குழுவின் தலைவன் அவன். பெர்லினிலிருந்து அமைச்சகச் செயலாளர் வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், இவள் வைக்கோல் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மானத்தை வாங்கவே வந்தியா? யாரை அடிக்கப் போறே?”

“யாரையும் இல்ல. அந்த ஹைட்ரஜன் குழாய்ப் பக்கத்துல ஒரு நிமிஷம் நிக்கணும். அவ்வளவுதான்.”

“போன வருஷம் வரைக்கும் மார்கரின்னு போலி வெண்ணெய் செய்யுற ஆலையில கொழுப்பு காய்ச்சினவ, எங்களுக்குப் பாடம் நடத்த வந்துட்டியா?”

“அங்க எண்ணெயை இறுக வைக்கிறதே ஹைட்ரஜன்தான். அதோட இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்.”

“இந்தத் துடைப்பத்தை வச்சா?”

“ஆமா. இதே துடைப்பத்தை வச்சுத்தான்.”

மீன்ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். துடைப்பத்தின் நுனி கருகியிருந்ததை ஃபோக்கோ பார்த்தான். எங்கேயோ கொடும்பாவி கொளுத்திவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பினான்.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. நிலக்கரி உலையை மூடுங்கள், ஹைட்ரஜன் வந்துவிடும் என்று அரசாங்கம் நாலு வருஷமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த உலையை நம்பி எண்ணூறு குடும்பங்கள். ஒருமுறை ஆறவிட்டால் மறுபடி மூட்ட முடியாத உலை அது.

“குழாயில ஹைட்ரஜன் வந்ததை என் கண்ணால பார்க்கணும். அப்பத்தான் மூடுறதுக்குக் கையெழுத்து” என்று பெர்லினுக்கே போய் மேசையைத் தட்டிவிட்டு வந்தவன் ஃபோக்கோ. அதற்காகத்தான் இன்றைக்கு இந்த விழா.

அதிசயமாக அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. நண்பகல் வெயிலில் செயலாளர் வால்வைத் திருகினார். குழாய் முனையில் ஆளுயரத்துக்கு மஞ்சள் நெருப்பு எழுந்து ஆடியது. பேண்டு வாத்தியம் முழங்கியது, கூட்டம் கைதட்டியது.

“ஃபோக்கோ! கையெழுத்துப் போடாதே! போடாதேடா, முட்டாள்!” கயிற்றுக்கு அப்பால் கேஷே தொண்டை கிழியக் கத்தினாள்.

அத்தனை பேர் முன்னால் முட்டாள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவளை முறைத்துக்கொண்டே, வேண்டுமென்றே, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டான். செயலாளர் காகிதத்தைப் பைக்குள் வைத்தார். கைகுலுக்கினார், காரில் ஏறிப் போய்விட்டார்.

ஃபோக்கோ நேரே அவளிடம் வந்தான். “போட்டாச்சு. இப்ப என்னை அடி, துடைப்பத்தால.”

கேஷே கருகிய நுனியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “மார்கரின் ஆலையில குழாய் கசிஞ்சா, துடைப்பத்தை முன்னால நீட்டிக்கிட்டேதான் ஒவ்வொரு அடியும் வைப்போம். வைக்கோல் எங்க பத்திக்குதோ அங்க நின்னுடுவோம். நெருப்பு அங்கதான் இருக்குன்னு அர்த்தம்.”

“நெருப்பைப் பார்க்கத் துடைப்பமா? ஏன், உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?” என்று எகிறினான் ஃபோக்கோ. அவன் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் நெருப்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“ஹைட்ரஜன் நெருப்பு பகல்ல கண்ணுக்குத் தெரியாதுடா.”