இரண்டு முழம்

கலவைச் சட்டி சுமந்து சுமந்து செல்லக்கிளிக்குக் கழுத்து திரும்பவில்லை. கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து உடம்போடு திரும்பித்தான் கீழே பார்த்தாள். மரத்தடியில் கயிறு மட்டும் கிடந்தது. போன வருசம் வேறொரு கட்டடத்தில், மூடாத தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மகன் கிஷோர் செத்ததிலிருந்து, ஐந்து வயது சினேகாவை மரத்தில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் அவள் வேலை செய்கிறாள். சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இங்கிருந்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை.

"நாந்தான் அவுத்து விட்டேன்," என்றான் கம்பி கட்டிக்கொண்டிருந்த புருசன் வீரமலை. "புள்ளைய ஆட்டுக்குட்டி மாதிரி எத்தன நாளைக்குடி கட்டுவ?"

மணல் மேட்டிலிருந்து சினேகா சிரித்தபடி சறுக்கி வந்தாள். செல்லக்கிளி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பிள்ளை அழவில்லை. "அண்ணன் விழுந்ததுக்கு என்னைய ஏம்மா அடிக்கிற?"

செல்லக்கிளி போய்க் கயிற்றை எடுத்தாள். அதைப் பார்த்ததும், தினமும் காலையில் செய்வதுபோல, சினேகா தானாகவே இரண்டு கைகளையும் மேலே தூக்கி இடுப்பைக் காட்டினாள். வீரமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இந்தத் தடவை இரண்டு முழம் கூடுதலாக விட்டுக் கட்டினாள். பிறகு சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேலே போனாள்.