இல்லாத பாலத்தின் பாட்டு

கிட்டாரை மாட்டிக்கொண்டு அவர் பாலத்தின் முகப்பில் நின்றார்.

ஆற்றின் மேல் பனி. பாலம் பாதிவரைதான் தெரிந்தது. மீதி வெள்ளைக்குள் போயிருந்தது.

ரிப்பன் வெட்டியாகிவிட்டது. பேச வேண்டியவர்கள் பேசிவிட்டார்கள். இனி அவர் பாட வேண்டும்.

கூட்டம் பாலம் பாட்டைப் பாடச் சொன்னது.

அவரிடம் வேறு பாட்டுகளும் உண்டு. எருமைக்குப் பல்வலி வந்த பாட்டு. மாப்பிள்ளை தூங்கிப்போன கல்யாணத்தின் பாட்டு. எல்லாவற்றையும் கேட்டுச் சிரிப்பார்கள். கடைசியில் பாலம் பாட்டில்தான் வந்து நிற்பார்கள்.

இல்லாத பாலத்தைப் பற்றிய பாட்டு அது. அதனால்தான் எட்வின்ராஜ், பாலம் எட்வின் ஆனார். அந்தப் பெயர் திருவிழா நோட்டீஸ்களில் வந்தது. வானொலியில் வந்தது. துபாய்த் தமிழர்கள் ஒருமுறை அழைத்துப் போனார்கள். ஆறே இல்லாத ஊரில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர அவர்கள் சிரித்தார்கள்.

விரல்கள் தாமாகவே தொடங்கின. இளவயதில் யாரோ கொண்டுவந்த வெளிநாட்டுக் கேசட்டில் கேட்டுப் பிடித்துக்கொண்ட தாளம். ஒரு குதிரை அவசரமில்லாமல் நடப்பதுபோல் இருக்கும்.

அளந்துபாக்க வந்த சாரு
அக்கரையில பொண்ணு பாத்தாரு
கல்யாணமும் ஆகிப்போச்சு
பாலத்தைத்தான் காணோமய்யா

கூட்டம் சிரித்தது. அளக்க வந்தவரின் மாமனார் முன்வரிசையில் இருந்தார். அவர்தான் அதிகம் சிரித்தார்.

முதலில் இது சிரிப்புப் பாட்டாக இல்லை.

அவருடைய மனைவி லீலாபாய்க்கு ஒரு மழைக்காலத்தில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி அக்கரையில். ஆறு கரைபுரண்டு ஓடியது. படகு வெகுநேரம் வரவில்லை. பிறகு வந்தது. குழந்தை படகிலேயே பிறந்தது.

லீலாபாய் அக்கரையைப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டே அதைப் பாட்டாக்கினார். சர்ச்சில் பாடினார். யாராலும் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார்கள். ஆண்கள் வாசலில் செருப்பைத் தேடினார்கள்.

மறுபடி பாடச் சொல்லி யாரும் அழைக்கவில்லை.

பிறகு ஒரு கல்யாண வீட்டில், அளக்க வந்தவரைப் பற்றி இரண்டு வரி சேர்த்தார். ஏன் சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது.

யாரோ சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் எழுந்துபோகவில்லை. கடைசிவரை இருந்தார்கள்.

அதன்பின் லீலாபாய் வரும் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்த இடத்தில் ஒரு வேடிக்கையை வைத்தார். சில ஆண்டுகளில் பாட்டுக்குள் அவள் இல்லை. படகுக்காகக் காத்திருக்கும் ஒருவன் மட்டும் இருந்தான். காத்துக் காத்து அவன் தாடி வளரும். கொக்கு வந்து அதில் கூடு கட்டும்.

மனுக்கள் போய்த் திரும்பாத இடங்களுக்கெல்லாம் அந்தக் கொக்கு போய்வந்தது. அதிகாரிகள் ஊருக்கு வந்தால் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடி வரவேற்றார்கள். வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள்.

ஒரு கோடையில், அதே ஜீப்பில் வந்தவர்கள் தூண் நடத் தொடங்கினார்கள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஆற்றின் மேல் போய் எங்கோ கரைந்தது.

மகள் ஜெனிலா அவர் கையைப் பிடித்தாள். படகில் பிறந்தவள். இப்போது அக்கரைப் பள்ளியில் டீச்சர்.

"நடக்கியளா, அப்பா?"

நடந்தார்கள்.

பனி விலகி வழிவிட்டது. பின்னால் மூடிக்கொண்டது. மேளமும் மைக்கும் வேறு ஏதோ ஊரில் கேட்பதுபோல் ஆயின. கீழே ஆறு ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. காலடியில் சிமெண்ட் இருப்பதையே அவர் மறந்தார். காற்றில் யாரோ தாங்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

கிட்டாரைத் தொட்டார்.

அதே குதிரை நடை. ஆனால் இன்னும் மெதுவாக.

கரை தெரியுது லீலா
கண்ண மூடாதே
காத்து கொஞ்சம் குறையுது பாரு
கண்ண மூடாதே

ஜெனிலா நின்றுவிட்டாள். அம்மாவின் பெயரை அவள் எந்தப் பாட்டிலும் கேட்டதில்லை. இப்படி ஒரு பாட்டு இருந்ததென்று அப்பா சொன்னதில்லை.

அவர் நிற்கவில்லை. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

எடுத்தெறிந்த வரிகள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூட மறக்கவில்லை. படகு வந்தது. அவளைத் தூக்கி ஏற்றினார்கள். துடுப்புப் போட்டவன் ஜெபம் சொன்னான். அவர் தூக்கத்தில் பேசுகிறவரைப்போலப் பாடிக்கொண்டே நடந்தார்.

படகு நடு ஆற்றுக்கு வந்திருந்தது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை.

சட்டென்று நிறுத்தினார்.

காலுக்கடியில் செம்மண். சாலை மேட்டில் ஏறிப் போனது. அதன் முனையில் ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவர்.

ஜெனிலா மெதுவாகக் கேட்டாள்.

"மீதிப் பாட்டு, அப்பா?"

"கரை வந்துட்டு, மக்கா."

பனி கலைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

இவ்வளவு பக்கத்தில், அவர்கள் ஊர் வீடுகளின் கொடியில் காயும் துணிகளின் நிறம்கூடத் தெரிந்தது.