ஒரு நாள் ஆறப்போடணும்

"பின்பக்க கேட் வழியா வந்துடுங்க. முன்னால வேண்டாம், யாராவது பார்த்தா வம்பு. வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்."

குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார் அவர். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில், மனைவி ஊரில் இல்லாத நேரம் பார்த்து இப்படி ஒருவரை வீட்டுக்கு வரவழைப்பது இதுதான் முதல் தடவை. ஆபீஸுக்கு வேறு லீவு சொல்லியிருந்தார்.

மனைவி பெரிய மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. நாளைக் காலை சம்பந்தி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். அதற்குள் காரியத்தை முடித்து, வந்தவரை வந்த சுவடு தெரியாமல் அனுப்பிவிட வேண்டும்.

அரை மணியில் பின்பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர், தோளில் கருவிப் பை மாட்டிய ஒரு மெக்கானிக்.

நீங்கள் வேறு எதையாவது நினைத்திருந்தால் அதற்கு அவர் பொறுப்பல்ல. அவரைக் கேட்டால், மெக்கானிக்கை வீட்டுக்குள் விடுவது அதைவிடப் பெரிய துரோகம் என்பார்.

சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'இன்ஜினியர்' என்று பேர். வேலை என்னவோ இன்சூரன்ஸ் ஆபீஸில்தான். ஆனால் மிக்ஸி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் அவரே பிரித்து அவரே மாட்டுவார். மாட்டிய உடனே ஓடாது. "ஒரு நாள் ஆறப்போடணும், உள்ள எல்லாம் செட் ஆகணும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் ஆபீஸ் கிளம்பிப் போவார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். நாலைந்து ஸ்க்ரூ மிச்சமாவதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. கம்பெனிக்காரன் எப்போதும் கூடுதலாகத்தான் போடுவான் என்பது அவர் கட்சி.

"எல்லாம் உங்க கைராசிங்க" என்பாள் மனைவி. வேறு எதிலும் அவள் அவரை மெச்சியது கிடையாது. காய் வாங்கினால் முற்றல், கார் ஓட்டினால் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வீட்டையே பிரித்துப் போடத் தயாராக இருந்தார்.

இந்தத் தடவை மாட்டியது பின்பக்க வராந்தாவில் இருந்த ஹாட் டப். அவளுடைய இடுப்புவலிக்கு வெந்நீரில் உட்காரச் சொல்லி டாக்டர் சொன்னதால் வாங்கியது. அவள் ஊருக்குப் போன மூன்றாம் நாள், தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுகொண்டது. அதற்கு மேல் சூடு ஏறுவேனா என்றது.

"நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க" என்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டாள் மனைவி. ஷாக் அடித்துவிடும் என்று பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

ஹீட்டரை மாற்றினார். சென்சாரை மாற்றினார். ஃபில்டரையும் புதிதாக வாங்கிப் போட்டார். வழக்கம்போல ஒரு நாள் ஆறப்போட்டு ஆபீஸ் போய்விட்டு வந்தார். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே, நாலாம் நாளும் அப்படியே. அவர் கை பட்டும் ஒரு மெஷின் செட் ஆகாமல் போவது இதுவே முதல் முறை. அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வாயாவது சும்மா இருந்திருக்கலாம். எல்லாம் சரி பண்ணிவிட்டேன், சம்பந்தி அம்மாவும் வந்து ஜாலியாக உட்காரட்டும் என்று நேற்றுப் போனில் அளந்து வைத்துவிட்டார். "நீங்களேவா?" என்றாள் மனைவி. அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்தை நாளைக் காலை பொய்யாக்க அவருக்கு மனசு வரவில்லை. ஹார்டுவேர் கடையில் கேட்டு இந்த மெக்கானிக்கின் நம்பரை வாங்கிவிட்டார்.

பின்பக்க கேட்டின் தாழ்ப்பாளும் அவர் கைவண்ணம்தான். கேட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இடதுபக்கம் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். சொந்த மாப்பிள்ளையே ஒருமுறை பத்து நிமிஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். மெக்கானிக் தூக்கி, இடித்து, உள்ளே வந்துவிட்டார். இவர் கண்ணெல்லாம் பக்கத்து வீட்டு மாடிமேலேயே இருந்தது.

ஹாட் டப்பின் மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்த மெக்கானிக், அதை இவர் பக்கம் திருப்பிக் காட்டினார். கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீன் உறை கழற்றாமல் அப்படியே இருந்தது. தண்ணீர் தாராளமாக ஓடினால்தான் ஹீட்டர் தொடர்ந்து வேலை செய்யும், ஓட்டம் குறைந்தால் அதுவாக நின்றுவிடும் என்று மனசு நோகாமல் விளக்கிக்கொண்டே உறையைக் கிழித்தெடுத்தார்.

"மிச்ச ஸ்க்ரூவைக் கொடுங்க சார்" என்று கையை நீட்டினார். இவர் சட்டைப்பையிலிருந்து ஆறு ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் முடுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் எண் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாலிதீன் உறையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, மெக்கானிக்கோடு கேட் வரைக்கும் போனார்.

"தம்பி, நீங்க வந்துட்டுப் போனது என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியவே கூடாது. என் கைராசி மேல அவ உயிரையே வெச்சிருக்கா. தெரிஞ்சா பாவம், மனசு ஒடைஞ்சு போயிடும்."

மெக்கானிக் கேட்டைத் தூக்கி இடித்துச் சாத்தினார். பைக்கில் ஏறி உட்கார்ந்து, அவருக்கு ஆறுதலாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அந்த விஷயத்துல என்னை நம்பலாம் சார். அக்கா என்னைக் கூப்பிடறப்பல்லாம், உங்களைப் பத்தி இதையேதான் சொல்லுவாங்க."